ரேஸ் காரை எதுல ஏத்துறது?

எங்க கார் அதோட வாழ்க்கையிலேயே அதிக தூரம் போனது டிராக்ல இல்லை. ஒரு குட்டி யானையோட முதுகுலதான். காலேஜ்ல இருந்து கோயம்புத்தூர் வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல. ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டியில எண்ட்யூரன்ஸை முழுசா ஓடி முடிச்சாலே 22 கிலோமீட்டர்தான் வரும். அந்த 22-க்காக ஒரு வருஷம் முழுக்க கணக்குப் போட்டோம். 300-க்காக எவ்வளவு நேரம் யோசிச்சோம்னு கேட்டீங்கன்னா, சுமார் இருபது நிமிஷம். அதுவும் கிளம்புற ராத்திரி.

போன வருஷம் ஃபார்முலா பாரத் போட்டிக்கு, செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கிளம்பினோம். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் வண்டி யார் சொல்லியிருக்காங்கன்னு யாருக்கும் தெரியலை. எஞ்சின் டீம், ஃபைனான்ஸ் டீம் சொல்லியிருக்கும்னு நினைச்சுது. ஃபைனான்ஸ் டீம், கேப்டன் சொல்லியிருப்பார்னு நினைச்சுது. கடைசியில ஒருத்தனோட அண்ணன் மூலமா ராத்திரி பத்து மணிக்கு ஒரு டாட்டா ஏஸ் வந்துச்சு. அதோட பாடி நீளம் 2.2 மீட்டர். எங்க கார் 2.8 மீட்டர். பின்கதவைத் திறந்துவிட்டு, கார் வால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி ஏத்தினோம். கைக்கு எட்டின இடத்துல ராட்செட் பெல்ட்டை மாட்டி இறுக்கினோம். கைக்கு எட்டின இடம் எதுன்னா, முன்பக்க சஸ்பென்ஷன் ஏ-ஆர்ம்.

விடியக்காலம் இறக்கினப்போ முன் இடது வீல் மட்டும் வேற எங்கயோ பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ஏ-ஆர்ம் குழாய் வளைஞ்சிருந்துச்சு. மாத்து ஏ-ஆர்ம் கொண்டுபோகலை. வெளிய ஒரு ஒர்க்‌ஷாப் தேடி, குழாய் வாங்கி, வெல்டு பண்ணி, திரும்ப அலைன்மெண்ட் பார்த்து முடிக்க ஒண்ணரை நாள் போச்சு. பிரேக் டெஸ்ட் முடிக்கிறதுக்குள்ள ஆக்சிலரேஷன், ஸ்கிட்பேட் ரெண்டும் முடிஞ்சு போச்சு. டிரைவர் அண்ணன் மேல தப்பே இல்லை, அவர் பத்திரமாத்தான் ஓட்டினார். கட்டினது நாங்க.

அதனால இந்தக் கட்டுரை. ஜூனியர்ஸ், இது உங்களுக்குத்தான். நான் படிச்சதெல்லாம் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல டெக்னிக்கலா எழுதறது இதுதான் முதல் தடவை, அங்கங்க பொறுத்துக்குங்க.

முதல்ல டிரெய்லர் ஆசை

போட்டி முடிஞ்சு வந்ததும் எங்க டீம்ல எல்லாருக்கும் வந்த முதல் யோசனை: சொந்தமா ஒரு டிரெய்லர் செய்யலாம். யூடியூப்ல பார்க்கிறோம் இல்லையா, அமெரிக்காவில வாராவாரம் ரேஸுக்குப் போறவங்க பிக்கப் டிரக் பின்னாடி டிரெய்லர் மாட்டி, காரை ஏத்தி, ஜாலியா கிளம்பிடறாங்க. நம்மகிட்ட வெல்டிங் மிஷின் இருக்கு, ஆக்சில் பழைய இரும்புக் கடையில கிடைக்கும், அப்புறம் என்ன?

எனக்கு அப்ப ஞாபகம் வந்தது கரும்பு வண்டி. எங்க ஊர் சேத்தியாத்தோப்பு. எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். அரவை சீசன்ல ரோட்டுல நின்னா டிரெய்லரைப் பத்தி ஒரு செமஸ்டர் பாடம் இலவசமா கிடைக்கும். ரெண்டு சக்கர டிப்பர்ல கரும்பை முன்பக்கம் அதிகமா அடுக்கிட்டா, பாலத்து ஏத்தத்துல டிராக்டரோட முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். பின்பக்கம் அதிகமா அடுக்கினா, டிப்பர் கொக்கியை மேல தூக்கும், வண்டி வாலை ஆட்டும். எங்க மாமா ஒவ்வொரு லோடும் ஏத்தி முடிச்சதும் கொக்கிகிட்ட போய் நின்னு பார்ப்பார். எந்த ஃபார்முலாவும் இல்லாம அவர் பார்க்கிறது டங்க் வெயிட்டைத்தான், அதாவது டிரெய்லர் இழுக்கிற வண்டியோட கொக்கியில எவ்வளவு எடை உட்காருதுன்னு.

காருக்குப் பின்னாடி மாட்டுற டிரெய்லருக்கு அந்த எடை, மொத்த எடையில 10-ல இருந்து 15 சதவீதம் இருக்கணும்னு சொல்வாங்க. நம்ம கணக்கைப் பார்ப்போம். டிரெய்லர் 300 கிலோ, கார் 250, டூல் பாக்ஸ் 50. மொத்தம் 600 கிலோ. கொக்கியில் குறைஞ்சது 60 கிலோ வேணும். கொக்கியில இருந்து ஆக்சில் வரை 3 மீட்டர்னா, மொத்த எடையோட மையம் ஆக்சிலுக்கு 30 சென்டிமீட்டர் முன்னாடி இருக்கணும். அவ்வளவுதான். இப்ப காரை மட்டும் 60 சென்டிமீட்டர் பின்னாடி தள்ளி நிறுத்துங்க. மையம் 25 சென்டிமீட்டர் பின்னாடி போயிடும். கொக்கியில மிஞ்சறது 10 கிலோ. ஒரு ஆள் ரெண்டு எட்டு தள்ளி நிறுத்தினதுக்கு டிரெய்லர் முழுசா வேற குணத்துக்கு மாறிடுது. அறுபது எழுபது வேகத்துல ஒரு பஸ் பக்கத்துல கடந்து போனா போதும், ஆட ஆரம்பிச்சு நிக்கவே நிக்காது.

இதுல இன்னொரு விஷயம். நம்ம காருக்கு எஞ்சின் பின்னாடி. மூக்கை முன்னாடி வச்சு ஏத்தினா கனமான பாதி டிரெய்லரோட வால் பக்கம் போகும். ரிவர்ஸ்ல ஏத்தினா எஞ்சின் கொக்கிப் பக்கம் வரும். பார்க்க நல்லா இருக்காது, ஆனா சரியான பேலன்ஸ் கிடைக்கிறது பல நேரம் அப்படித்தான். டிரெய்லர் செய்றதுக்கு முன்னாடியே கார் எந்தப் பக்கம் பார்த்து நிக்கப் போகுதுன்னு முடிவு பண்ணி, அதுக்கு ஏத்த மாதிரி ஆக்சில் இடத்தை வைக்கணும். ஆக்சிலை வெல்டு பண்ணிட்டு அப்புறம் காரை நகர்த்திப் பார்க்கிறது தலைகீழ் வேலை.

பிரேக் அடுத்த பிரச்சினை. ஐரோப்பாவில 750 கிலோ வரைக்கும் உள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை, அதுக்கு மேல போனா கட்டாயம். நம்ம 600 கிலோ அதுக்குள்ளதான் வருதுன்னு சந்தோஷப்படாதீங்க. அங்க முன்னாடி இழுக்கிற வண்டிக்கு எவ்வளவு இழுக்கலாம்னு கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கும். இங்க உங்க வீட்டு காரோட மேனுவலை எடுத்து, இழுக்கும் திறன்னு ஏதாவது ஒரு எண் இருக்கான்னு தேடிப் பாருங்க. எண்ணே இல்லைன்னா அந்த காரை வச்சு கணக்கே போட முடியாது.

அப்புறம் சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரைத் தனியா ஒரு வகையா வரையறுக்குது. அது உங்க காலேஜ் ஒர்க்‌ஷாப்ல செஞ்ச தள்ளுவண்டி இல்லை, ரெஜிஸ்டர் பண்ண வேண்டிய ஒரு வாகனம். ஆர்.டி.ஓ. ஆபீஸ், இன்சூரன்ஸ், பின்னாடி லைட், நம்பர் பிளேட், எல்லாம் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை கோயம்புத்தூர் போற டீமுக்கு இது தேவையே இல்லைங்கிறது என் முடிவு. மாசத்துக்கு ரெண்டு தடவை டெஸ்டிங்குக்குப் போற டீம், அதுவும் பக்கத்து காலேஜ்களோட சேர்ந்து வாங்கினா, அப்ப யோசிக்கலாம். வாங்கினா, தட்டு எவ்வளவு தாழ்வா இருக்குங்கிறதுதான் நான் முதல்ல பார்க்கிறது. ஏன்னு கீழ வருது.

ஏத்துறதுதான் உண்மையான பரீட்சை

ஃபார்முலா ஸ்டூடண்ட் ரூல்படி தரைக்கும் காருக்கும் இடைவெளி 30 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எல்லாரும் அதை ஒட்டியேதான் டிசைன் பண்றோம். எங்களுது 40 மி.மீ., வீல்பேஸ் 1600 மி.மீ. பலகை சாய்வு முடிஞ்சு வண்டித் தட்டு சமமா ஆரம்பிக்கிற விளிம்புல, முன்சக்கரம் மேலயும் பின்சக்கரம் சாய்விலயும் இருக்கும்போது, கார் வயிறு இடிக்கும். இடிக்காம போகிற அதிகபட்ச கோணத்தைக் கணக்கு போட்டா 5.7 டிகிரிதான் வருது.

சின்ன பிக்கப் வண்டித் தட்டு தரையில இருந்து முக்கால் மீட்டர் உயரம்னு வச்சுக்குவோம். 5.7 டிகிரியில ஏத்தணும்னா பலகை ஏழரை மீட்டர் நீளம் வேணும். யாருகிட்ட இருக்கு? எட்டு அடி பலகையைப் போட்டா கோணம் 18 டிகிரி. அதனாலதான் எல்லா காலேஜும் கடைசியில செய்யறது ஒண்ணுதான்: எட்டு பேர் சேர்ந்து தூக்கறது. 250 கிலோவை எட்டால வகுத்தா ஆளுக்கு 31 கிலோ, பெரிய விஷயம் இல்லை. ஆனா எட்டு பேரும் எதைப் பிடிச்சுத் தூக்கறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? விங்கை, சைடு பாட்டை, டை ராடை. எங்க காரோட முதல் விரிசல் ரோட்டுல வரலை, தூக்கும்போதுதான் வந்துச்சு.

இதுக்கு எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச வழி இருக்கு. மாட்டைத் தூக்கி லாரியில போட முடியாது இல்லையா? அதனால லாரியைப் பின்னாடி கொண்டுவந்து ஒரு மேட்டுல ஒட்டி நிறுத்துவாங்க. மேடும் தட்டும் ஒரே மட்டம். மாடு நடந்தே ஏறிடும். காருக்கும் அதேதான். காலேஜ்ல ஸ்டோர்ஸ் பின்னாடி சரக்கு இறக்கற மேடை இருக்கும், இல்லைன்னா ஒரு வாய்க்கால் கரை இருக்கும். வண்டி சொல்றதுக்கு முன்னாடி டேப் எடுத்துட்டுப் போய் அந்த மேட்டு உயரத்தை அளந்துக்குங்க, அதுக்கு ஏத்த வண்டியைச் சொல்லுங்க. போற இடத்துல இறக்க என்ன வழின்னும் கேட்டு வச்சுக்கணும், அங்கயும் மேடு இருக்கும்னு நிச்சயம் இல்லை. இறக்கறதுக்கு ஹைட்ராலிக்ல சாயற தட்டு வச்ச ரெக்கவரி வண்டி இருந்தா ரொம்ப நிம்மதி. தட்டே சரிஞ்சு தரைக்கு வந்துடும், கோணமும் குறைவு. வாடகைதான் கையைக் கடிக்கும்.

பெரிய வண்டி மெதுவா குலுக்கும்னு நினைக்காதீங்க

ஏஸ் சின்னதா இருந்துச்சு, அதனாலதான் எல்லாம் வளைஞ்சுதுன்னு எங்க டீம்ல பாதி பேர் இன்னும் நம்பறாங்க. அடுத்த தடவை 14 அடி ஐச்சர் எடுத்தா சரியாயிடும்னு. நீளத்துக்கு அது சரி. 14 அடின்னா 4.27 மீட்டர், காரோட டயர் செட்டு, ஸ்டாண்ட், டூல் எல்லாம் உள்ள வச்சு பின்கதவை மூடலாம். 9 அடி பிக்கப்புல 2.74 மீட்டர்தான், மூக்கு கழட்டினா நுழையும்.

குலுக்கலுக்கு அது சரியில்லை. அந்த வண்டியோட பட்டை ஸ்பிரிங் டன் கணக்குல சரக்கு ஏத்தறதுக்காகச் செஞ்சது. அதுல 250 கிலோ காரை வச்சா ஸ்பிரிங்குக்கு அது தூசு. வைப்ரேஷன்ஸ் பேப்பர்ல படிச்ச அதே ஃபார்முலா: அதிர்வெண், கே-வை எம்-ஆல வகுத்து ஸ்கொயர் ரூட். ஸ்பிரிங் மேல உள்ள எடை நாலுல ஒரு பங்கா குறைஞ்சா அதிர்வெண் ரெண்டு மடங்கு. அதாவது வண்டி காலியா இருந்தா ஸ்பிரிங் வேலையே செய்யாது, தட்டு தடதடன்னு அடிக்கும். காலி லாரி ஸ்பீடு பிரேக்கர் மேல போற சத்தத்தை நினைச்சுப் பாருங்க. எங்க விக்கிரவாண்டி ரோட்டுல பல வருஷமா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தூங்கி எழுந்திருக்கேன்.

அதனால பெரிய வண்டி எடுத்தா ரெண்டு மூணு டீம் சேர்ந்து எடுங்க. எடையும் ஏறும், செலவும் குறையும். காரைப் பின் ஆக்சிலுக்கு முன்னாடி, கேபின் பக்கமா தள்ளி நிறுத்துங்க. பஸ்ல கடைசி சீட்ல உட்கார்ந்து போனவங்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. டூல் பெட்டியைப் பின்னாடி வைங்க, அதுக்கு வலிக்காது.

இந்த விஷயத்துல எனக்குப் பாடம் சொன்னது விருத்தாசலம். சேத்தியாத்தோப்புல இருந்து பக்கம்தான். செராமிக் ஊர், அந்தப் படிப்புக்குன்னே ஒரு அரசு டிப்ளமோ கல்லூரியே இருக்கு. அங்க பீங்கான் சாமானைப் பேக் பண்றதை ஒரு தடவை நின்னு பார்த்தேன். நான் எதிர்பார்த்தது மெத்து மெத்துன்னு ஏதாவது சுத்துவாங்கன்னு. அவங்க முக்கியமா கவனிச்சது வேற: ஒரு பொருளுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல அசையறதுக்கு இடமே இல்லாம வைக்கோலைத் திணிக்கிறது. குலுங்கினா எல்லாம் சேர்ந்து குலுங்கும், ஒண்ணோட ஒண்ணு மோதாது.

எங்க கட்டறது

இப்ப எங்க ஏ-ஆர்ம் ஏன் வளைஞ்சுதுங்கிறதுக்கு வருவோம். இதைத்தான் நான் முழுசா கணக்கு போட்டுப் பார்த்தேன்.

சரக்கு கட்டறதுக்கு ஐரோப்பாவில ஈஎன் 12195-ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு. அது சொல்றது: திடீர்னு பிரேக் போட்டா சரக்கு அதோட எடையில 0.8 மடங்கு விசையோட முன்னாடி போகப் பார்க்கும், பக்கவாட்டுலயும் பின்னாடியும் 0.5 மடங்கு. 250 கிலோ காருக்கு முன்பக்க விசை சுமார் 1960 நியூட்டன். ரெண்டு பெல்ட் அதைத் தாங்குது, மேல இருந்து பார்த்தா 45 டிகிரி, பக்கத்துல இருந்து பார்த்தா 30 டிகிரி சாய்வுன்னா, ஒவ்வொரு பெல்ட்லயும் 1600 நியூட்டன். நம்ம பசங்க ராட்செட்டை இறுக்கற வேகத்துக்கு எதுவும் நடக்காமலேயே அதுல ஒரு நல்ல பங்கு வந்துடும். பெல்ட்டுக்கு இது ஒண்ணுமே இல்லை, அறுந்து போகாது.

ஆனா ஏ-ஆர்ம்? எங்க குழாய் வெளிவிட்டம் 16 மி.மீ., தடிமன் 1.2 மி.மீ. ஏ-ஆர்ம் நீளவாக்குல இழுக்கறதுக்கும் தள்ளறதுக்கும்தான் டிசைன் பண்றோம். நீளவாக்குல 1500 நியூட்டன் குடுத்தா ஸ்ட்ரெஸ் சுமார் 27 மெகாபாஸ்கல். சிரிச்சுக்கிட்டே தாங்கும். அதே 1500 நியூட்டனை 300 மி.மீ. குழாயோட நடுவுல பெல்ட்டைச் சுத்திக் குறுக்கா இழுத்தா, வளைவு ஸ்ட்ரெஸ் சுமார் 586 மெகாபாஸ்கல். 4130 குரோமோலி ஸ்டீலோட யீல்டே 435 பக்கம்தான். இருபது மடங்குக்கு மேல வித்தியாசம், ஒரே குழாய், ஒரே விசை. சாதா மைல்டு ஸ்டீல்னா கேட்கவே வேண்டாம். செகண்ட் இயர் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் சார், மன்னிச்சுக்குங்க.

அப்ப எங்க கட்டலாம்? ரெண்டு வழி. ஒண்ணு டயரைக் கட்டறது: டயர் மேல பெல்ட்டைச் சுத்தி நேரா தட்டுல மாட்டறது. காரோட உடம்பு தன் சொந்த ஸ்பிரிங் மேல ஆடிக்கலாம், பெல்ட்டும் தளராது. இன்னொண்ணு சேஸிஸைக் கட்டறது. இதுல ஒரு சிக்கல், பள்ளத்துல கார் கீழ அமுங்கும்போது பெல்ட் தளர்ந்து, எழும்பும்போது வெடுக்குன்னு இழுக்கும். அதைத் தவிர்க்க சேஸிஸுக்கு அடியில மரக்கட்டை கொடுத்து, சஸ்பென்ஷன் அசையாம நிறுத்திட்டு அப்புறம் கட்டணும். பீங்கானுக்கு வைக்கோல் மாதிரி. எங்க கார் ஸ்பிரிங் ரொம்ப கெட்டி, தரை இடைவெளியும் குறைவு, அதனால நாங்க இந்த ரெண்டாவது வழியைத்தான் எடுத்திருக்கோம்.

அதுக்கு சேஸிஸ்ல கொக்கி மாட்ட இடம் வேணும். குழாய்கள் சந்திக்கிற கீழ் நோடுகள்ல, 50-க்கு 40 மி.மீ., 4 மி.மீ. தடிமன்ல நாலு தகடு, நடுவுல ஓட்டை. இதை டிசைன் ரிவ்யூல சொன்னப்போ பெரிய சண்டை. நாலு தகடும் சேர்த்து கால் கிலோ வரும். கால் கிலோ குறைக்க நாங்க பெடல் பாக்ஸை மூணு தடவை மாத்தின டீம். "டிரான்ஸ்போர்ட்டுக்காக ரேஸ் கார்ல வெயிட் ஏத்துவியா?"ன்னு சேஸிஸ் ஹெட் கேட்டான். நான் போன வருஷத்து வளைஞ்ச ஏ-ஆர்மை டேபிள் மேல வச்சேன். அதுக்கப்புறம் தகட்டுல ஓட்டை எவ்வளவு பெருசா போட்டா இன்னும் பத்து கிராம் குறையும்னுதான் பேச்சு போச்சு. இந்தத் தகடை சேஸிஸ் வெல்டு பண்ணும்போதே போட்டாகணும். பெயிண்ட் அடிச்சு, பாடி மாட்டினப்புறம் போட முடியாது. வண்டி எதுன்னு கடைசி ராத்திரி முடிவு பண்ணலாம்னு நினைக்கிறவங்களுக்கு இதைத்தான் சொல்றேன். கார் கேட் மாடலா இருக்கும்போதே எதுல போகும், எதுல கட்டும்னு தெரிஞ்சிருக்கணும்.

சில சில்லறை விஷயம். டேங்கைக் காலி பண்ணுங்க, பேட்டரி டெர்மினலைக் கழட்டுங்க. தார்ப்பாயை லூஸா போட்டா காத்துல படபடன்னு அடிச்சு பெயிண்டைத் தேய்ச்சு எடுத்துடும், கார் மேல முதல்ல ஒரு பழைய பெட்ஷீட் போடுங்க. பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் முதல் அரை மணி நேரத்துல ஒரு தடவை தளரும். எங்களுக்கு விருத்தாசலத்துல டீ குடிக்க நிக்கற இடத்துல திரும்ப இறுக்கணும், அப்புறம் சின்னசேலம் தாண்டி ஒரு தடவை, சேலத்துல ஒரு தடவை. காலேஜ் லெட்டர்ஹெட்ல கார் என்ன, எங்க போகுது, விற்பனைக்கு இல்லைன்னு ஒரு கடிதம் டிரைவர் கையில இருக்கட்டும். இ-வே பில் தேவையான்னு ஆபீஸ்ல ஒரு வாரம் முன்னாடியே கேளுங்க.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு கேளுங்க. "கார் பக்கத்துல ரெண்டு பேர் உட்கார்ந்து பார்த்துக்கிறோம்"னு லாரி பின்னாடி ஏறாதீங்க. போன வருஷம் நானும் இன்னொருத்தனும் அப்படித்தான் போனோம். சரக்கு ஏத்தற இடத்துல ஆள் ஏறக் கூடாது, இன்சூரன்ஸும் கை கொடுக்காது. ஆத்தூர் பக்கத்துல டிரைவர் ஒரு நாய்க்காக பிரேக் போட்டப்போ கார் என் முழங்காலுக்கு ரெண்டு இன்ச் முன்னாடி வந்து நின்னுச்சு. அந்த 0.8 மடங்கு என்னன்னு எனக்கு ஸ்டாண்டர்ட் படிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும். வீட்டுல இன்னும் சொல்லலை.

இந்த வருஷம் 14 அடி வண்டி, இன்னொரு காலேஜ் டீமோட பங்கு. ஸ்டோர்ஸ் மேடை உயரம் அளந்தாச்சு, வண்டித் தட்டைவிட 11 சென்டிமீட்டர் தாழ்வு. அதுக்கு ரெண்டு மீட்டர் பலகை போட்டா கோணம் 3 டிகிரி சொச்சம், வயிறு இடிக்காது. நாலு தகட்டுல மூணு வெல்டு பண்ணியாச்சு. நாலாவது எக்சாஸ்ட் பைப்போட முட்டுது, அதை எங்க நகர்த்தறதுன்னு சேஸிஸ் ஹெட்டும் எஞ்சின் ஹெட்டும் இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க.